வேலை, ஆற்றல், வெப்பம்: ஜூல் கணக்கு போடுவது எப்படி

ஒன்பதாம் வகுப்பிலிருந்து போட்டித் தேர்வு வரை இந்த மூன்றும் விடாமல் துரத்தும். வேலையும் ஆற்றலும் ஒரு பாடம், வெப்பம் வேறொரு பாடம் என்று புத்தகத்தில் தள்ளித் தள்ளி வைத்திருப்பதால், எல்லாம் ஒரே சரக்குதான் என்பது பலருக்குக் கடைசி வரை பிடிபடுவதே இல்லை. மூன்றுக்கும் அலகு ஒன்றுதான், ஜூல். அதனால் சூத்திரங்களை மூடி வைத்துவிட்டு, முதலில் ஒரு ஜூல் எவ்வளவு என்று கைக்குப் பழக்குங்கள். நூறு கிராம் காபித்தூள் பாக்கெட்டைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் கிட்டத்தட்ட ஒரு ஜூல். அவ்வளவு சின்னது. கரண்ட் பில்லில் வரும் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல்.

இப்போது மொட்டை மாடியில் இருக்கும் 1000 லிட்டர் தொட்டியை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ, ஆக 1000 கிலோ. அதைப் பத்து மீட்டர் மேலே ஏற்ற வேண்டும் என்றால் நிறை × 9.8 × உயரம், அதாவது 98,000 ஜூல். யூனிட்டில் சொன்னால் 0.027. மோட்டார் பாதிக்கு மேல் வீணாக்கினாலும் யூனிட்டில் பத்தில் ஒரு பங்கைத் தொடுவதே கஷ்டம். அதே தொட்டித் தண்ணீரை ஒரே ஒரு டிகிரி சூடாக்க எவ்வளவு வேண்டும்? ஒரு கிலோ தண்ணீருக்கு ஒரு டிகிரிக்கு 4186 ஜூல், ஆக 41.86 லட்சம் ஜூல், 1.16 யூனிட். மூன்று மாடி ஏற்றுவதைவிட ஒரு டிகிரி சூடாக்குவதற்கு நாற்பது மடங்குக்கு மேல் செலவு! தூக்குவது மலிவு, சூடாக்குவது காசு. இந்த ஒரு உணர்வு மனதில் உட்கார்ந்துவிட்டால் தேர்வில் தப்பான விடை வரும்போதே உறுத்த ஆரம்பித்துவிடும்.

சரி, கணக்கு போடும் முறைக்கு வருவோம். மளிகைக் கடைக்காரர் வரவு செலவு எழுதுவது போலத்தான். ஆற்றல் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று இரண்டு பத்தி போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் கூட்டுத்தொகை சமமாக வந்தே தீர வேண்டும். வரவில்லை என்றால் எதையோ விட்டுவிட்டீர்கள், பெரும்பாலும் அது வெப்பமாகத்தான் இருக்கும். கேள்வியைப் படித்தவுடன் சூத்திரத்தைத் தேடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பத்தியை நிரப்பினால் எந்தச் சூத்திரம் வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

இந்தக் கணக்கில் வேலை என்பது ஆற்றல் கை மாறும் ஒரு வழி. விசை × நகர்ந்த தூரம், ஆனால் விசை இருக்கும் திசையில் நகர்ந்த தூரம் மட்டும். தலையில் குடத்தோடு சமதரையில் ஒரே வேகத்தில் நடந்தால் குடத்தின் மீது நீங்கள் செய்த வேலை சுழியம், ஏனென்றால் விசை மேல்நோக்கி, நகர்வு பக்கவாட்டில். கழுத்து வலிக்கிறதே என்றால், தசைகள் சாப்பாட்டு ஆற்றலை உள்ளுக்குள்ளேயே எரித்துச் சூடாக்கிக்கொள்கின்றன, குடத்தின் கணக்கில் ஒரு ஜூல்கூட ஏறவில்லை. இதைத் திரும்பத் திரும்ப ஒரு மதிப்பெண் கேள்வியாகக் கேட்பார்கள், அதற்கு மேல் இதில் மண்டையைப் போட்டு உடைக்க ஒன்றும் இல்லை.

பிரேக் கணக்குதான் சுவாரசியம். பைக்கும் ஆளும் சேர்ந்து 200 கிலோ, வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர். முதல் வேலையாக அதை 5/18 ஆல் பெருக்கி நொடிக்கு 10 மீட்டர் ஆக்குங்கள், இதை மறந்தால் விடை பதின்மூன்று மடங்கு எகிறும். இயக்க ஆற்றல் பாதி × நிறை × வேகத்தின் வர்க்கம், 10,000 ஜூல். பிரேக் பிடித்தால் சாலை 1000 நியூட்டன் விசையில் பின்னுக்கு இழுக்கிறது என்று வைத்தால் பத்து மீட்டரில் வண்டி நிற்கும். வேகத்தை 72 ஆக்குங்கள். ஆற்றல் இரட்டிப்பாகாது, நான்கு மடங்காகி 40,000 ஜூல் ஆகிறது, பிரேக் அதேதான், ஆகவே நிற்க 40 மீட்டர். இது போக, கண் பார்த்துக் கை பிரேக்கைத் தொடுவதற்குள் ஓடும் தூரம் தனி. முடுக்கம், நேரம் எதையும் தொடாமலே விடை வந்துவிட்டது பாருங்கள்.

அந்த 40,000 ஜூல் எங்கே போனது? வண்டி நின்றதும் இயக்க ஆற்றல் காணாமல் போய்விட்டது என்று எழுதினால் பத்தி சமமாகாது. டிஸ்க்கும் பேடும் சூடாகின, அங்கே போனது. இதைப் பெரிய அளவில் பார்க்க வேண்டும் என்றால் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ். மொத்தம் 12 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள், உயர வித்தியாசம் ஏறக்குறைய 1900 மீட்டர். 12,000 × 9.8 × 1900 போட்டால் 22 கோடி ஜூலுக்கு மேல் வருகிறது, 62 யூனிட். மேலே கிளம்பும்போதும் கீழே வந்து நிற்கும்போதும் வேகம் சுழியம் என்பதால் இவ்வளவும் வழியிலேயே வெப்பமாகக் கரைந்தாக வேண்டும். 30 டிகிரியில் இருக்கும் 760 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம். காற்றுத் தடையும் டயரும் கொஞ்சம் பங்கு எடுத்துக்கொள்ளும், மிச்சம் முழுவதும் பிரேக் லைனிங் தலையில் விழுந்தால் லைனிங் தீய்ந்து பிடிப்பே போய்விடும். மலைப்பாதை டிரைவர்கள் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான், என்ஜினும் ஒரு பங்கை வாங்கி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியே தள்ளிவிடும்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள், ஒரு மின் கெட்டில் போதும். ஹீட்டர் ராடு வைத்து இதைச் செய்யச் சொல்ல மாட்டேன், தண்ணீர் சூடாகிவிட்டதா என்று கையை விட்டுப் பார்க்கும் பழக்கம் நம் ஊரில் அதிகம். கெட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள், குழாய்த் தண்ணீர் 30 டிகிரி என்று எடுத்துக்கொள்ளலாம். 100 வரை போக 4186 × 70, ஏறக்குறைய 2.93 லட்சம் ஜூல். அடியில் 1500 வாட் என்று போட்டிருந்தால் நொடிக்கு 1500 ஜூல், வகுத்தால் 195 நொடி, மூன்றேகால் நிமிடம். உண்மையில் நான்கு நிமிடம் ஆகிறது என்றால் உள்ளே போனது 3.6 லட்சம் ஜூல், அதில் தண்ணீருக்குச் சேர்ந்தது 2.93 லட்சம், பயனுறுதிறன் 81 சதவீதம். மீதி கெட்டிலின் உடம்பைச் சூடாக்கியது, ஆவியாகப் போனது, சுற்றியுள்ள காற்றுக்குப் போனது.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, 1500 வாட் என்பது 230 வோல்ட் வந்தால்தான். சாயங்காலம் வோல்டேஜ் 200க்கு இறங்கினால் திறன், அதாவது நொடிக்கு எத்தனை ஜூல் என்பது, வோல்டேஜின் வர்க்கத்தில் குறையும், 1130 வாட் பக்கம் வந்துவிடும். நேரம் கூடியதை வைத்து கெட்டில்தான் மோசம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதற்கு ஈபி மீட்டரைக் கேட்கலாம். டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும், பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால் ஒரு மினுக்கல் 1125 ஜூல். ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு கெட்டிலை மட்டும் ஓடவிட்டு ஒருவர் மீட்டர் முன்னால் நின்று எண்ண வேண்டும். 320 மினுக்கல் வந்தால் 3.6 லட்சம் ஜூல், வோல்டேஜ் என்னவாக இருந்தாலும் இது பொய் சொல்லாது.

கொதித்த பிறகு நடப்பது இன்னும் முக்கியம். தெர்மாமீட்டர் 100லேயே நிற்கும், அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் ஏறாது, ஆனால் வெப்பம் உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கிறது. ஒரு கிலோ தண்ணீரை முழுக்க ஆவியாக்க 22.6 லட்சம் ஜூல், 30லிருந்து கொதிக்கவைக்கச் செலவழித்ததைப் போல ஏழரை மடங்குக்கு மேல். வெப்பநிலை ஏறவில்லை என்றால் வெப்பம் போகவில்லை என்று அர்த்தமில்லை. உள்ளுறை வெப்பம் என்று பாடத்தில் வருவது இதுதான். சோறு கொதி வந்த பிறகும் தீயைப் பெரிதாக வைப்பதால் சோறு சீக்கிரம் வேகாது, ஆவிதான் கூடுதலாகப் போகும்.

வேலையும் வெப்பமும் ஒன்றுதான் என்று அளந்து காட்டியவர் ஜேம்ஸ் ஜூல். அவருக்கு முன்பு, 1798லேயே ரம்ஃபோர்டு என்ற விஞ்ஞானி மியூனிக்கில் பீரங்கிக் குழாய் துளைக்கும்போது வெப்பம் தீராமல் வந்துகொண்டே இருப்பதைக் கவனித்து எழுதினார். ஜூல் 1840களில் எடைக் கட்டிகளைக் கீழே இறங்கவிட்டு அதனால் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றி, தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று பார்த்தார். ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி சூடாக்க, ஒரு பவுண்டு எடை 772 அடி இறங்க வேண்டும் என்று 1850ல் வெளியிட்டார். நம் அலகுக்கு மாற்றினால் 4150 ஜூல் பக்கம் வருகிறது, இன்றைய மதிப்போடு ஒரு சதவீதம்தான் வித்தியாசம். மதுபான ஆலை நடத்திய குடும்பத்துப் பிள்ளை, டிகிரியில் சின்னஞ்சிறு பங்கைப் படிக்கும் தெர்மாமீட்டர்களை வைத்துச் சாதித்த காரியம் இது. அருவியின் அடியில் தண்ணீர் சூடாக இருக்க வேண்டுமே என்றும் அவர் யோசித்தார். ஜோக் அருவிக்கு நீங்களே போட்டுப் பாருங்கள்: உயரம் 253 மீட்டர், 9.8 ஆல் பெருக்கி 4186 ஆல் வகுத்தால் 0.6 டிகிரி. நிறை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும். சாரலாகச் சிதறி ஆவியாவதில் தண்ணீர் குளிர்வதால் நேரில் அளந்தால் இது அகப்படுவது சந்தேகம்தான்.

அப்புறம் வழக்கமாக மதிப்பெண் போகும் இடங்கள். கிராமைக் கிலோவாக்க மறப்பது. வெப்பநிலை வித்தியாசத்தோடு 273 கூட்டுவது. 70 செல்சியஸ் ஏற்றம் என்றால் 70 கெல்வின் ஏற்றம்தான், வித்தியாசத்தில் எதையும் கூட்டக் கூடாது. பிஸ்கட் பாக்கெட்டில் பேச்சுவழக்கில் கலோரி என்று சொல்வது உண்மையில் கிலோகலோரி, அதாவது 4186 ஜூல்.

பதினொன்றாம் வகுப்புக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. இயற்பியலில் அக ஆற்றல் (வாயுவுக்குள்ளேயே இருக்கும் ஆற்றல்) மாற்றம் = வெப்பம் − வேலை, வேதியியலில் வெப்பம் + வேலை. இரண்டும் சரிதான், இயற்பியலில் வாயு செய்த வேலை, வேதியியலில் வாயு மீது செய்யப்பட்ட வேலை. சைக்கிள் பம்பை விரலால் அடைத்து வேகமாக அமுக்குங்கள், கீழ்ப்பகுதி சூடாகும், உரசலைவிடப் பெரிய காரணம் நீங்கள் காற்றின் மீது செய்த வேலை. வெளியே வெப்பம் போக நேரமில்லாததால் வெப்பம் சுழியம் என்று எடுத்துக்கொண்டு இரண்டு சூத்திரத்திலும் போட்டுப் பாருங்கள், இயற்பியலில் வாயு செய்த வேலை எதிர்க்குறி, கழித்தல் எதிர்க்குறியோடு சேர்ந்து கூட்டல் ஆகிவிடும். அதனால் எந்தத் தாளாக இருந்தாலும் விடையின் முதல் வரியில் யார் யார் மீது செய்த வேலை என்று எழுதிவிட்டு அப்புறம் எண்களைப் போடுங்கள்.