காவல் நிலையத்தில் யாரிடம் எதைக் கேட்பது?

வாசலில் துப்பாக்கியோடு நிற்பவர் பாரா. காவலுக்கு நிற்கும் அவரிடம் கதை முழுவதையும் சொல்ல வேண்டாம். உள்ளே பார்க்க வேண்டியவர் ஸ்டேஷன் ரைட்டர். பதவியில் ஏட்டாக இருந்தாலும் பொது நாட்குறிப்பு, பதிவேடுகள், டியூட்டி போடுவது எல்லாம் அவர் கையில்தான். நிலையப் பொறுப்பு அதிகாரி இன்ஸ்பெக்டர்: தோளில் மூன்று நட்சத்திரம், சிவப்பு-நீல ரிப்பன். எஸ்.ஐ.க்கு நட்சத்திரம் இரண்டு. "ஐயா வெளியே போயிருக்கார்" என்றால் திரும்பி வராதீர்கள். அவர் இல்லாதபோது, காவலருக்கு மேற்பட்ட அடுத்த நிலை அதிகாரியே பொறுப்பு.

புகாரை இரண்டு பிரதி எழுதுங்கள். தேதி, நேரம், இடம், நடந்தது, சாட்சிகள். வண்டி என்றால் பதிவு எண்ணோடு என்ஜின், சேசிஸ் எண்கள். போன் என்றால் பெட்டியில் உள்ள 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. நகை என்றால் எடை. சட்டப்பிரிவு போடுவது உங்கள் வேலை அல்ல. தாமதமாகப் போனால் காரணத்தைப் புகாரிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் பிடிக்கும் முதல் ஓட்டை அதுதான்.

பலர் ஏமாறுவது அடுத்த கட்டத்தில். கையில் தரப்படும் சி.எஸ்.ஆர். (சமூகப் பணிப் பதிவேடு) ரசீது, புகார் வந்து சேர்ந்ததற்கான அத்தாட்சி மட்டுமே. எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) பதிவானால்தான் வழக்கு; அதற்குக் குற்ற எண் இருக்கும், நகல் இலவசம். பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் பதிவு கட்டாயம் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 173-ஆம் பிரிவு ஒரு விலக்கு தருகிறது: 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனைக் குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை செய்யலாம். "எங்கள் எல்லை இல்லை" என்பது காரணமாகாது, எல்லை பாராமல் பதியும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். மின்னணு வழியில் புகார் அனுப்பினால் 3 நாளுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும்.

பதிய மறுத்தால் எஸ்.பி.க்கு விரைவுத் தபால். அனுப்பிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் பலனில்லை என்றால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் அதே சட்டத்தின் 175(3) பிரிவில் மனு. தபால் படியைத் தாண்டி நேரே போனால் மனு திரும்பும். கடன் பாக்கி, வாய்க்கால் வரப்புத் தகராறு பெரும்பாலும் சிவில் விவகாரம். அதற்கு இந்த வழி உதவாது.

விசாரணை அதிகாரி பெரும்பாலும் எஸ்.ஐ. அல்லது இன்ஸ்பெக்டர். எஸ்.சி./எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கென்றால் டி.எஸ்.பி.க்குக் குறையாதவர். சாட்சி வாக்குமூலத்தில் அவர் உங்கள் கையெழுத்தை வாங்கக் கூடாது, புகாரில்தான் கையெழுத்து. பெண்களையும் 60 வயதைத் தாண்டியவர்களையும் சாட்சி விசாரணைக்கு நிலையத்துக்கு அழைக்க முடியாது, வீட்டுக்குத்தான் வர வேண்டும். வழக்கின் நிலையை 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிப்பதும் அதிகாரியின் கடமை.

அதிகாரி மாறுதலாகிப் போனாலும் குற்ற எண் மாறாது. வழக்கு நீதிமன்றம் போன பின் வாய்தா தேதிக்குக் கோர்ட் கான்ஸ்டபிளைக் கேளுங்கள். இன்ஸ்பெக்டரே அவரைத்தான் கேட்பார்.