குறைந்த விலை ஏர் ரைஃபிள்: குறை சொல்வதற்கு முன் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் கடலூர்ப் பக்கத்தில் பலரும் முதன்முதலாகத் துப்பாக்கியைக் கையில் எடுப்பது பலூன் சுடும் கடையில்தான். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனால் அந்தப் பலகை முன்னால் கூட்டம் நிற்கும். அங்கே தூரம் நாலைந்து அடி எடுத்து வைத்தால் முடிந்துவிடும், பலூனோ முகம் அகலம் இருக்கும். துப்பாக்கியில் என்ன கோளாறு இருந்தாலும் வெளியே தெரியாது. அந்த ஆசையில் பத்தாயிரம் ரூபாய்க்குள் ஓர் ஏர் ரைஃபிள் வாங்கி, வீட்டில் 10 மீட்டர் தள்ளிக் காகிதத்தை ஒட்டிச் சுட்டால், ஒரு ரவை (சிறு ஈயக் குண்டு) மேலே போகும், அடுத்தது இடது ஓரம் போகும். உடனே துப்பாக்கி மோசம் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

மஞ்சக்குப்பத்துத் தம்பி ஒருவன் அப்படித்தான் வந்தான். "அண்ணா, பேரல் கோணல்ணா. பாதி விலைக்காவது தள்ளிவிடணும்" என்றான். நான் துப்பாக்கியைத் திருப்பி, கட்டையின் (பேரலைத் தாங்கும் உடம்புப் பகுதியின்) முன்பக்கம் இரண்டு புறமும் இருக்கிற திருகுகளைத் தொட்டுப் பார்த்தேன். இடது பக்கத் திருகு விரலாலேயே சுழன்றது. ட்ரிகரைச் சுற்றிய காப்பு வளையத்துக்கு முன்னால் இருக்கும் பெரிய திருகும் அரைச் சுற்று தளர்ந்திருந்தது. மூன்றையும் சரியான ஸ்க்ரூ டிரைவரால் முறுக்கிவிட்டு, அதே ரவையை, அதே தூரத்தில் சுடச் சொன்னேன். அதுவரை உள்ளங்கை அகலத்துக்குச் சிதறிக் கிடந்த ஐந்து துளைகளும் இப்போது ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தால் மூடுகிற அளவுக்குள் வந்தன. பேரலில், அதாவது குழலில், ஒரு குறையும் இல்லை.

ஸ்பிரிங் துப்பாக்கியில் இதுதான் முதல் விஷயம். ரவையைத் தள்ளும் காற்றை அழுத்த, உள்ளே ஸ்பிரிங் விசையில் கனமான பிஸ்டன் முன்னால் பாய்ந்து நிற்கிறது, ஒவ்வொரு முறையும் உடம்பு முழுக்க அதிர்கிறது. அந்த அதிர்வில் திருகு தளராமல் இருந்தால்தான் ஆச்சரியம். புதிதாக வாங்கியவர்கள் ஐம்பது ரவைக்கு ஒரு தடவை எல்லாத் திருகுகளையும் பார்த்துவிடுங்கள். ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) மாட்டியிருந்தால் அதன் பிடிகளையும் பாருங்கள். அதிர்வில் அவை மாட்டியிருக்கும் பள்ளத்தோடு பின்னால் நகர்ந்து வரும்.

அடுத்த தவறு, இறுக்கிப் பிடிப்பது. நம் கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வென்றதைப் பார்த்துவிட்டு, அவர் போலவே தோளில் அழுத்திப் பிடித்துச் சுடுபவர்கள் உண்டு. போட்டித் துப்பாக்கி வேறு வகை. சிலிண்டரில் அடைத்த காற்றில் இயங்குவது, அதிர்வே தெரியாது. நம் ஸ்பிரிங் துப்பாக்கியோ ரவை பேரலை விட்டு வெளியேறும் முன்பே பின்னுக்கும் முன்னுக்கும் உதறிவிடுகிறது. அதை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உதற விட வேண்டும். முன்னால் தாங்கும் கையைத் திறந்த உள்ளங்கையாக வைத்து, கட்டையை அதன்மேல் சும்மா உட்கார வையுங்கள். தோளில் லேசாகப் பட்டால் போதும். மேசை விளிம்பிலோ செங்கல் மேலோ கட்டையை நேரடியாக வைத்தால், உதறல் மாறி ரவை வேறு இடத்துக்குப் போகும். மணல் பையை வைத்து, அதன்மேல் கையை வைத்து, கையின்மேல் துப்பாக்கியை வையுங்கள்.

ஸ்கோப்பில் பணம் போவதுபோல வேறெதிலும் போவதில்லை. பெரிய வேட்டைத் துப்பாக்கிகளுக்கான ஸ்கோப்பை மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி மாட்டுகிறார்கள். அந்தத் துப்பாக்கிகள் பின்பக்கம் மட்டும்தான் உதைக்கும். ஸ்பிரிங் துப்பாக்கி இரண்டு பக்கமும் உதைப்பதால், அதற்கென்று செய்யாத ஸ்கோப்பின் உள்ளே கண்ணாடி ஆட்டம் கண்டுவிடும். தவிர அவை நூறு கெஜத்துக்கு ஏற்பச் சீர் செய்யப்பட்டவை. 10 மீட்டரில் குறி மங்கலாகத் தெரியும், கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினால் குறுக்குக்கோடும் நகரும். முன் கண்ணாடியைத் திருகி 10 மீட்டருக்குத் தெளிவாக்கிக்கொள்ளும் வகையே வாங்குங்கள். இல்லையென்றால் துப்பாக்கியோடு வந்த, பேரல்மேல் குறி பார்க்கும் சைட்டே போதும். முதல் ஆறு மாதம் அதில் பழகுவதுதான் நல்லது என்பேன்.

சரி, ஸ்கோப் மாட்டியாயிற்று, குமிழைத் திருகுகிறோம், ஒன்றும் ஆகவில்லை. கெட்ட ஸ்கோப் என்று திருப்பிக் கொடுக்கிறோம். கணக்கு என்னவென்றால், பெரும்பாலான ஸ்கோப்பில் குமிழின் ஒரு சொடுக்கு, ரவை படும் இடத்தை நூறு கெஜத்தில் கால் அங்குலம் நகர்த்தும். 10 மீட்டரில் அது வெறும் 0.7 மில்லிமீட்டர்தான். ரவை 2 சென்டிமீட்டர் வலதில் போனால் ஏறக்குறைய 29 சொடுக்கு இடது பக்கம் திருப்ப வேண்டும். நாலு சொடுக்கு திருப்பிவிட்டு வித்தியாசம் தேடினால் கிடைக்காது. அதேபோல ஒற்றை ரவையைப் பார்த்துத் திருகாதீர்கள். ஐந்து சுட்டு, அந்தக் கூட்டத்தின் நடுவைப் பார்த்துத் திருகுங்கள்.

துப்பாக்கியை மதிப்பிடுவதும் இந்த ஐந்தின் கூட்டத்தை வைத்துத்தான். குறியின் நடுவில் பட்டதா என்பது சைட்டைச் சரி செய்கிற விஷயம். ஐந்தும் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்பதுதான் துப்பாக்கியின் குணம். நன்றாக விழுந்த காகிதத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொள்வதும் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதுதான். பத்துக் காகிதத்தையும் அடுக்கிப் பாருங்கள். பெட்டியில் அச்சிட்ட வேகத்தைப் பார்த்து வாங்குவதிலும் அர்த்தமில்லை. அந்த எண் பெரும்பாலும் மிக லேசான ரவையில் வந்தது. சாதாரண ஈய ரவை அரை கிராம் எடையில், நொடிக்கு 200 மீட்டர் போனால் 10 ஜூல் வருகிறது. காகிதம் சுட அதுவே தாராளம். வேகத்துக்குக் கொடுக்கும் பணத்தில் மூன்று நான்கு வகை ரவை வாங்கி, எது உங்கள் பேரலுக்குப் பொருந்துகிறது என்று பாருங்கள். ஒரே துப்பாக்கியில் ரவையை மாற்றினாலே கூட்டம் பாதியாகச் சுருங்குவதைக் கண்டிருக்கிறேன். தட்டை முனை ரவை காகிதத்தில் வட்டமாக வெட்டுவதால் அளக்க எளிது. பின்விளிம்பு நசுங்கிய ரவையை ஒதுக்கிவிடுங்கள்.

புதுத் துப்பாக்கி முதல் இருநூறு முந்நூறு ரவைக்குக் கொஞ்சம் புகையும், சத்தமும் கூடும். தொழிற்சாலையில் போட்ட எண்ணெய் எரிவதுதான் காரணம். அதற்குள் தீர்ப்புச் சொல்லாதீர்கள், எண்ணெயும் ஊற்றாதீர்கள். நான் தையல் மெஷின் எண்ணெயை விட்டேன். அடுத்த ரவைக்குப் பட்டாசு போலச் சத்தம், நீல நிறப் புகை. சில நாளில், காற்று கசியாமல் அடைக்கும் பிஸ்டன் சீல் போய்விட்டது. ரவை போடாமல் வெறுமனே சுடுவதும் அதே வேலையைத்தான் செய்யும், பிஸ்டனுக்கு எதிரே காற்றுத் தடை இல்லாமல் இரும்பில் போய் மோதும்.

பேரலை மடக்கி ரவை போடும்போது ஒரு கையால் பேரலைப் பிடித்தே இருக்க வேண்டும். ட்ரிகர் தட்டுப்பட்டால் பேரல் சட்டென நிமிர்ந்து விரலை நசுக்கும். மொட்டை மாடியில் சுவரைப் பார்த்துச் சுடவே கூடாது, ரவை தெறித்துத் திரும்பும். அட்டைப் பெட்டி நிறையப் பழைய துணியை இறுக்கி அடைத்து, பின்னால் மணல் மூட்டை வையுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள், ரவையை வாயில் கவ்விக்கொள்ளும் பழக்கம் வேண்டாம்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும், ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. அதைத் தாண்டினால் தேவை. உரிமம் இல்லாமல் வைத்திருக்கலாம் என்றால் பறவையைச் சுடலாம் என்று பொருளல்ல. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். புதுச்சேரிப் பக்கத்து ஊசுடு ஏரியில் கொக்கும் நாரையும் இறங்கும் நேரத்தில் துப்பாக்கியோடு அந்தப் பக்கம் போகிறேன் என்று யாராவது சொன்னால், அவரிடம் நான் பேசுவதே இல்லை. அரை கிராம் ஈயம் ஒரு பறவையை உடனே கொல்வதும் இல்லை, இறக்கை ஒடிந்து புதருக்குள் கிடந்து சாகும்.

அப்புறம் நம் ஊர்க் காற்று. உப்பு. வாங்கும்போது வந்த பஞ்சு உறையிலேயே வைத்தால், ஐப்பசி கார்த்திகையில் ஈரம் இழுத்துப் பேரலில் செம்புள்ளி விழும். சுட்டு முடித்ததும் வியர்வை பட்ட இடமெல்லாம் எண்ணெய் தொட்ட துணியால் வெளிப்புறம் மட்டும் துடையுங்கள். உறையில்லாமல், காற்றாடும் அலமாரியில், ஸ்பிரிங்கை இழுத்து வைக்காமல், பூட்டி வையுங்கள். மழைக்காலத்தில் நான் வாரம் ஒரு முறை வெளியே எடுத்து, திருகுகளை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, துடைத்துத் திரும்ப வைக்கிறேன்.