இ-ரீடர் வாங்கப் போகிறீர்களா? முதலில் உங்களிடம் இருக்கும் ஃபைல்களைப் பாருங்கள்

மின்புத்தகம் படிப்பதற்கென்றே இருக்கும் கருவிதான் இ-ரீடர். எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் படிக்கப் போகும் புத்தகங்கள் எங்கிருந்து வரப் போகின்றன? இணையக் கடையில் வாங்குவதா, இலவசமாகக் கிடைக்கும் ஈபப் (மின்புத்தகங்களுக்கான பொது வடிவம்) ஃபைல்களா, நூலகத்தில் இரவல் எடுப்பதா, இல்லை ஏற்கெனவே கணினியில் குவித்து வைத்திருக்கும் பிடிஎஃப்களா? இதைத் தீர்மானிக்காமல் திரையையும் பேட்டரியையும் ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால் ஒரு முடிவுக்கும் வர முடியாது. ஏனென்றால் விற்பனையில் இருக்கும் பெரும்பாலான கருவிகளின் திரை, இ-இங்க் என்ற ஒரே நிறுவனத்திலிருந்து வருவதுதான்.

அந்தத் திரை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் குமிழ்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும். மின்னழுத்தம் கொடுத்தால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும், அப்புறம் மின்சாரமே இல்லாவிட்டாலும் அப்படியே நிற்கும். பக்கம் புரட்டும்போது மட்டும்தான் திரைக்குச் சக்தி செலவாகிறது, அதனால்தான் சார்ஜ் வாரக்கணக்கில் தாங்குகிறது. ஆனால் விளம்பரத்தில் போடும் வாரக் கணக்கு பெரும்பாலும் ஒரு நாளைக்கு அரை மணி நேரம் படிப்பதாக வைத்துப் போட்டது. மூன்று மணி நேரம் படிப்பவர் அதை ஆறால் வகுத்துக்கொள்ளலாம்.

அதே காரணத்தால் திரை மந்தமாகவும் இருக்கும். முந்தைய பக்கத்தின் நிழல் லேசாகத் தங்கும், அதைத் துடைக்க அவ்வப்போது திரை கறுத்து வெளுக்கும். அது பழுது இல்லை. வீடியோ, வேகமாக உருட்டிப் படிக்கும் இணையப் பக்கம் எல்லாம் வேண்டுமென்றால் டேப்லெட் வாங்குங்கள், இது அதற்கான கருவியே இல்லை.

வெளிச்சம் திரைக்குப் பின்னாலிருந்து வராமல், ஓரத்து எல்இடி விளக்குகளிலிருந்து திரையின் மேல்பரப்பில் பரவுகிறது. இரவில் படிப்பவர்கள் வெளிச்சத்தை மஞ்சளாக மாற்றும் வசதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி இல்லாத கருவியைத் தொடவே வேண்டாம், சின்ன எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளியும் ணகர னகரச் சுழிகளும் பிசிறடிக்கும்.

அளவு விஷயத்தில் ஆங்கிலம் படிப்பவர்களின் பரிந்துரையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. தமிழில் சொற்கள் நீளம். 6 அங்குலத் திரையில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொல்தான் நிற்கும், இரண்டு பக்க ஓரத்தையும் சமன்படுத்தும் அமைப்பில் நடுநடுவே பெரிய ஓட்டைகள் விழும். இடப்பக்கம் மட்டும் ஒழுங்குபடுத்தும் அமைப்புக்கு மாற்றினால் சரியாகிவிடும். ஆனாலும் தமிழ் அதிகம் படிப்பவருக்கு 7 அங்குலம் நிம்மதி என்பது என் கருத்து.

சரி, பிடிஎஃப். பலருக்கு ஏமாற்றம் வருவது இங்கேதான். ஈபப் ஃபைலில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தானாக மடங்கி அமையும், பிடிஎஃப்பில் பக்கம் அச்சில் இருப்பது போல இறுகிப்போயிருக்கும். ஏ4 பக்கத்தை 6 அங்குலத்தில் போட்டால் எறும்பு ஊர்ந்த மாதிரிதான் தெரியும். மாற்றிப் படிக்கலாம் என்று நினைத்தால் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள்: கணினியில் அந்தப் பிடிஎஃப்பைத் திறந்து ஒரு வரியைக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழ் தமிழாகவே வந்தால் அது யூனிகோட், அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கம், மாற்றலாம், கொம்பும் காலும் அங்கங்கே இடம் மாறினாலும் திருத்திவிடலாம். ஆங்கில எழுத்தும் குறியீடுகளுமாகக் கொட்டினால் யூனிகோட் வருவதற்கு முந்தைய எழுத்துருவில் செய்தது, மாற்றினால் குப்பைதான் கிடைக்கும், குறியாக்க மாற்றி ஒன்றைத் தேட வேண்டும். வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியாவிட்டால் அது வெறும் ஸ்கேன் படம். உங்கள் சேமிப்பில் பெரும்பகுதி இந்தக் கடைசி இரண்டு வகை என்றால் 10 அங்குலத்துக்கு மேல் உள்ள கருவியைப் பாருங்கள், அல்லது இ-ரீடர் எண்ணத்தையே கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

இணையக் கடையில் வாங்கிப் படிப்பவருக்கு அமேசானின் கிண்டில் எளிது, 2016 கடைசியிலிருந்தே அதில் தமிழ்ப் புத்தகங்கள் விற்கிறார்கள். ஆனால் வாங்கிய புத்தகம் அந்தக் கடையின் பூட்டுக்குள்தான் பெரும்பாலும் இருக்கும். 2009-ல் சில புத்தகங்களை அமேசான் வாசகர்களின் கருவியிலிருந்து தொலைவிலிருந்தே நீக்கிவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டது. வாங்கியதைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாக ஏற்றும் வசதியும் 2025 பிப்ரவரியோடு நின்றது. உங்கள் சொந்த ஈபப்பை அமேசானின் 'சென்ட் டு கிண்டில்' சேவை வழியாக அனுப்பினால் மாற்றிக் கொடுக்கும், நேரடியாக யூஎஸ்பியில் காப்பி செய்தால் கண்டுகொள்ளாது. கேலிபர் என்ற இலவச மென்பொருளில் ஏஇசட்டபிள்யூ3 என்ற கிண்டில் வடிவத்துக்கு மாற்றி ஏற்றினால் திறக்கும்.

கோபோ, பாக்கெட்புக் போன்ற மற்ற நிறுவனங்களின் இ-ரீடர்கள் ஈபப்பை அப்படியே திறக்கும். கோபோவில், நூலகங்களின் மின்புத்தகங்களை இரவல் தரும் ஓவர்டிரைவ் சேவை உள்ளேயே இருக்கிறது, உங்கள் நூலகம் அதில் சேர்ந்திருந்தால் பெரிய லாபம். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ், மதுரைத் திட்டம் மாதிரியான இலவச மின்னூல் தளங்களிலிருந்து எடுத்துப் படிப்பவருக்கு இந்த வகைதான் தோது. எழுத்து பிடிக்கவில்லை என்றால் ஒரு தமிழ் யூனிகோட் எழுத்துருவைக் கருவியின் எழுத்துருக் கோப்புறையில் போட்டுக்கொள்ளலாம். முதல் வேலையாக 'கொ, கோ, கௌ, ஸ்ரீ' உள்ள ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். கொம்பு தனியாக நின்றாலோ கட்டங்கள் தெரிந்தாலோ கோ-ரீடர் என்ற திறமூலச் செயலியை நிறுவி, நல்ல தமிழ் எழுத்துரு ஒன்றைக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஆண்ட்ராய்டில் ஓடும் பூக்ஸ் வகைக் கருவிகளில் எந்தக் கடையின் செயலியையும் போடலாம். அந்தச் சுதந்திரத்துக்கு விலை, சீக்கிரம் தீரும் பேட்டரியும் தீராத செட்டிங்குகளும்.

வண்ணத் திரை? இ-இங்கின் வண்ணத் திரையான கலைடோ 3-ல் கறுப்பு வெள்ளை அங்குலத்துக்கு 300 புள்ளி, வண்ணம் 150 புள்ளிதான், மேலே வண்ண வடிகட்டி இருப்பதால் தாள் கொஞ்சம் சாம்பல் பூத்துத் தெரியும். காமிக்ஸ், பாடநூல் படிப்பவருக்குச் சரி, நாவலுக்கு வேண்டாம். சேமிப்பிடம் பற்றிக் கவலையே வேண்டாம், ஒலிப்புத்தகம் கேட்பவர் மட்டும் யோசிக்கலாம்.

படிக்கும்போது கோடிட்ட வரிகள் கிண்டிலில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலாகவும் சேரும், குறிப்பெடுப்பவர்களுக்கு எனக்குத் தெரிந்து இதுதான் மிக உபயோகமான வசதி. அகராதி ஆங்கில நாவலுக்கு அருமை. தமிழில் விகுதியும் உருபும் ஒட்டிக்கொண்டு வருவதால் 'படித்தவர்களிடம்' என்பதைத் தொட்டால் பெரும்பாலும் ஒன்றும் வராது.

பழைய கருவியைக் கைமாற்றி வாங்குவதானால் இருட்டறையில் விளக்கைப் போட்டுத் திட்டுத்திட்டாகத் தெரிகிறதா பாருங்கள், சார்ஜ் துளை யூஎஸ்பி-சி தானா என்று பாருங்கள். பழைய உரிமையாளரின் கணக்கை உங்கள் கண் முன்னாலேயே நீக்கச் சொல்லிவிட்டு அப்புறம் பணத்தைக் கொடுங்கள்.