சாம்ப்ளர் தைக்கலாம் வாங்க: இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வரும் ஹோல்பைன் தையல்

பழைய இங்கிலாந்தில் சாம்ப்ளரை, அதாவது மாதிரித் தையல் துணியை, சுவரில் மாட்டுவதற்காகத் தைக்கவில்லை. கண்ணில் பட்ட பூவேலையையெல்லாம் ஒரு துணியில் தைத்துச் சுருட்டி வைத்துக்கொள்வார்கள். வேண்டும்போது விரித்துப் பார்த்து, சட்டையிலோ தலையணை உறையிலோ தைப்பார்கள். தேதியிட்ட பிரிட்டிஷ் சாம்ப்ளர்களில் நமக்குத் தெரிந்து மிகப் பழையது 1598இல் ஜேன் பாஸ்டாக் தைத்தது. ஆலிஸ் லீ என்ற குழந்தை 1596 நவம்பர் 23 அன்று பிறந்ததையும் அதில் எழுத்தாகத் தைத்திருக்கிறார். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. அவர்களுடைய இணையதளத்தில் பெரிதாக்கிப் பாருங்கள், நேரம் போவதே தெரியாது!

நாம் தைக்கப்போவது 17ஆம் நூற்றாண்டில் பரவலாக இருந்த பட்டை சாம்ப்ளர். துணி ஒடுக்கமாக, நீளமாக இருக்கும். குறுக்கே வரிவரியாக வேலைப்பாடு வரும்.

அவர்கள் லினனில் பட்டு நூலால் தைத்தார்கள். பழக, இழையை எண்ணித் தைக்கத் தோதான மேட்டி துணி போதும், 20 செ.மீ. அகலம், 60 செ.மீ. நீளம் வெட்டி ஓரம் மடித்துத் தைத்துவிடுங்கள். ஆறு இழை நூலில் இரண்டு இழை மட்டும் பிரித்தெடுங்கள். ஒரு முழத்துக்கு மேல் நூல் வேண்டாம், முறுக்கிக்கொள்ளும். ஊசி முனை மழுங்கியதாகவே இருக்கட்டும். கூர் ஊசி இழையைக் குத்திப் பிளந்துவிடும். இந்த வேலைக்கு அதைத் தொடவே மாட்டேன்.

முடிச்சுப் போடாதீர்கள், பின்பக்கமும் கண்ணில் படும். நான்கு விரற்கடை வால் விட்டுத் தொடங்கி, கடைசியில் தையலுக்குள் செருகிவிடலாம். இந்தத் தையலுக்குப் பெயர் தந்த ஓவியர் ஹோல்பைன் வரைந்த இங்கிலாந்து ராணி ஜேன் சீமோர் ஓவியத்தில் (1536, வியன்னா) சட்டையின் கைமுனையைப் பாருங்கள். அங்கே துணியின் இரண்டு பக்கமும் கண்ணில் படும். இந்தத் தையலின் அருமையே அதுதான்.

போகும்போது சாதாரண ஓட்டுத்தையல், ஒன்று விட்டு ஒன்று. திரும்பும்போது விட்ட இடங்களை நிரப்ப வேண்டும். நேர்கோடு என்றால் இவ்வளவுதான். கொடியில் கிளை வந்தால்தான் பலரும் திணறுகிறார்கள். கிளையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தாண்டிப் போகாதீர்கள். கிளை பிரியும் இடத்திலேயே திரும்பி, நுனிவரை ஓட்டுத்தையலில் போய், அதே வழியில் நிரப்பிக்கொண்டே அடிக்கு வந்து, அப்புறம் நடுத்தண்டைத் தொடருங்கள். கிளைக்கு ஐந்து தையலோ ஆறோ, போய்வரும்போது கணக்கு இரட்டைப்படைதான். அதனால் முன், பின் என்ற வரிசை தப்பவே தப்பாது. கிளைக்குள் குட்டிக் கிளை வந்தாலும் இதே விதி. முதலில் கட்டத் தாளில் வரைந்து பென்சிலால் போய்வந்து பாருங்கள்.

திரும்பும்போது ஊசியைப் பழைய தையலுக்கு மேலே எடுத்து, அடுத்த தையலுக்குக் கீழே இறக்குங்கள். கடைசிவரை அப்படியே செய்தால் கோடு பல்லிளிக்காமல் நேராக நிற்கும்.

ஆங்கில எழுத்துவரிசை தைத்து, பழைய முறைப்படியே வேண்டுமென்றால் ஜே, யூ இரண்டையும் விட்டுவிடுங்கள். அப்போது ஐ, வி எழுத்துகளே அவற்றுக்கும் சேர்த்து நின்றன.

பின்சேர்க்கை: துவைத்ததும் சிவப்பு நூல் சாயம் விட்டதாக இருவர் கருத்தில் எழுதியிருந்தார்கள். அடர்நிற நூலை ஈரப்படுத்தி, வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். கறை படிந்தால், கறை நிற்கும்வரை குளிர்ந்த நீரில் அலசி, காயவைத்துத் தையுங்கள்.