பழைய டொயோட்டா பிக்அப் ஐடிலில் உதறினால் எங்கிருந்து தேடுவது

எண்பதுகளின் நடுவிலிருந்து 1995 வரை அமெரிக்காவில் விற்ற டொயோட்டா பிக்அப், 4ரன்னர் வண்டிகள் பலவற்றில் 22ஆர்இ என்ற நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் இருக்கும். 2.4 லிட்டர், இரும்பு பிளாக், நேரத்துக்கு ஆயில் மாற்றினால் லேசில் சாகாத சாதி. ஆனால் வயதானபின் அடிக்கடி வருகிற வியாதி ஒன்று உண்டு: சிக்னலில் ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓட நின்றால் ஸ்டியரிங் வரைக்கும் உதறும், ஆர்பிஎம் முள் ஏறி இறங்கும், சில நேரம் அணைந்தே போகும், ஆக்சிலேட்டரை மிதித்தால் கோளாறே இல்லாத மாதிரி ஓடும். செக் எஞ்சின் விளக்கின் சிமிட்டலை எண்ணிப் பார்த்தால், பிந்தைய மாடல்களில் கோடு (கோளாறு எண்) 25 வரும். லீன், அதாவது பெட்ரோலுக்குக் காற்று அதிகம். உடனே எல்லாரும் ஓடிப்போய் ஆக்சிஜன் சென்சார் வாங்குகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள், அந்தப் பணம் பெரும்பாலும் வீண்.

இந்த எஞ்சினுக்குள் போகும் காற்றை அளப்பது ஏர் ஃபில்டரை ஒட்டியிருக்கும் ஏர்ஃப்ளோ மீட்டர். உள்ளே ஸ்பிரிங் வைத்த ஒரு தகடு, காற்று தள்ளத் தள்ளத் திறக்கும், எவ்வளவு திறந்ததோ அதற்கேற்ற பெட்ரோலை கம்ப்யூட்டர் விடும். அந்த மீட்டரைத் தாண்டி எங்கே ஓட்டை இருந்தாலும் அதன் வழியாக வருவது கணக்கில் வராத காற்று. ஐடிலில் எஞ்சின் இழுப்பதே கொஞ்சம் காற்றுதான், அதனால் சின்னக் கசிவும் பெரிய பங்கு. வேகம் கூட்டினால் மொத்தக் காற்று கூடிவிடும், கசிவு கண்ணுக்குத் தெரியாது. மிதித்தால் சரியாகிறது என்றால் காற்றுக் கசிவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

காசு செலவில்லாத சோதனை ஒன்று. எஞ்சின் சூடாகி ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே இழுக்கும் பிசிவி வால்வு வழியாக எஞ்சினின் உட்புறமும் இன்டேக்கோடு, அதாவது காற்று உள்ளே போகும் பாதையோடு, தொடர்பில் இருப்பதால், மூடியைத் திறந்தால் வெளிக்காற்று உள்ளே புகும், நல்ல எஞ்சின் தடுமாறும் அல்லது நின்றே போகும். திறந்தும் பெரிய மாற்றம் இல்லையென்றால் ஏற்கெனவே எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது பிசிவி ஹோஸ் அடைத்திருக்கிறது. மூடியின் ரப்பர், டிப்ஸ்டிக் சரியாக உட்காருவது, வால்வ் கவர் கேஸ்கெட் எல்லாமே இந்த வண்டியில் ஐடிலைப் பாதிக்கும், ஆயில் கசிவு என்று மட்டும் நினைத்து விட்டுவிடாதீர்கள்.

அடுத்து ஏர்ஃப்ளோ மீட்டரிலிருந்து, ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும் த்ராட்டில் பாடிக்குப் போகும் தடித்த ரப்பர் குழாய். மேலிருந்து பார்த்தால் புத்தம் புதிதாகத் தெரியும், வெடிப்பு இருப்பது அடிப்பக்க மடிப்புகளில். கழற்றி வெளியே எடுத்து மடிப்பை விரித்து, உள்ளே டார்ச் அடித்து வெளியிலிருந்து பாருங்கள், வெளிச்சம் ஒரு கோடு மாதிரி கசிந்தால் அதுதான். எஞ்சின் அசையும்போது மட்டும் வாய் திறக்கும் வெடிப்புகளும் உண்டு, அதனால் வண்டியில் இருக்கும்போதே பார்த்துவிட்டு நல்லாயிருக்கு என்று சொல்லிவிட முடியாது.

சின்ன ஹோஸ்களுக்கு ஒரு பிளையர் போதும். எஞ்சின் ஓடும்போது ஒவ்வொன்றாக மெதுவாக நசுக்குங்கள், எதை நசுக்கும்போது ஐடில் சீராகிறதோ அந்த வழியில்தான் கோளாறு. பிரேக் மிதிப்பை லேசாக்கும் பிரேக் பூஸ்டரின் ஹோஸ் முக்கியம். பலரும் மறப்பது பவர் ஸ்டியரிங் பம்புக்குப் போகும் ஒல்லியான இரண்டு ஹோஸ்கள்: ஸ்டியரிங் திருப்பும்போது ஐடிலைத் தூக்கிவிட வைத்த ஏற்பாடு அது, அங்கே உள்ள வால்வு கெட்டால் எப்போதும் காற்றை விட்டுக்கொண்டே இருக்கும், சில நேரம் ஸ்டியரிங் ஆயிலையும் உறிஞ்சிப் புகை கக்கும். அப்புறம் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் உட்காரும் இடத்து ரப்பர் சீல்கள், இன்டேக் கேஸ்கெட். இங்கெல்லாம் கார்ப் கிளீனர் அடித்துப் பார்ப்பது பழக்கம், ஆனால் சூடான எக்ஸாஸ்ட் மானிஃபோல்டும் (புகை வெளியேறும் குழாய்த் தொகுதி) பழைய பிளக் வயரும் அங்கே இருக்கின்றன, தீ பிடிக்கும். எனக்குப் பிடித்தது வெறும் தண்ணீர் ஸ்பிரே. கசிவின் மேல் படும் நொடியில் சத்தம் மாறும், வயர் பக்கம் மட்டும் அடிக்காதீர்கள்.

எங்கும் கசிவே இல்லையா? அப்போது லீன் என்ற செய்தியையே சந்தேகப்படுங்கள். ஆக்சிஜன் சென்சார் பெட்ரோலைப் பார்ப்பதில்லை, புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை மட்டும்தான் பார்க்கிறது. எக்ஸாஸ்ட் மானிஃபோல்டு வெடித்திருந்தால், அதைப் பிடித்திருக்கும் ஸ்டட் உடைந்து கேஸ்கெட் வழியாகப் புகை கசிந்தால், அந்த ஓட்டை வழியே வெளிக்காற்று உள்ளே போய் சென்சாரை ஏமாற்றும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் அடங்கினால் அங்கே பாருங்கள். ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் ஆனாலும் இதே கதைதான், எரியாத காற்று அப்படியே வெளியே வரும், கம்ப்யூட்டர் லீன் என்று நினைத்து மற்ற மூன்றுக்கும் சேர்த்துப் பெட்ரோலைக் கூட்டும். இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எதைக் கழற்றினால் எஞ்சின் கண்டுகொள்ளவில்லையோ அது ஏற்கெனவே சும்மா இருக்கும் சிலிண்டர். அதன் பிளக், வயர், அப்புறம் வால்வ் கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் இடையே உள்ள இடைவெளி) பாருங்கள். சூடான எஞ்சினில் இன்டேக் 0.20 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.30. எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளி குறைந்து இறுகிப்போனால் வால்வு முழுதாக மூடாது, ஐடில் உதறும், நாளாவட்டத்தில் வால்வே கருகும். சத்தமில்லாத வால்வுதான் நல்ல வால்வு என்று இந்த எஞ்சினில் நம்பாதீர்கள்.

குளிரில் மட்டும் உதறினால் எஞ்சின் சூட்டைச் சொல்லும் கூலண்ட் சென்சாரை மல்டிமீட்டரில் அளங்கள். 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம், 80 டிகிரியில் 200 முதல் 400 ஓம். குளிரிலேயே குறைந்த ஓம் காட்டினால், எஞ்சின் சூடாக இருக்கிறது என்று கம்ப்யூட்டர் நம்பிப் பெட்ரோலைக் குறைத்துவிடும்.

பெட்ரோல் பக்கம் கடைசியில் வந்தால் போதும், லோடு இழுக்கும்போதும் ஏற்றத்திலும் மூச்சு வாங்கினால் மட்டும் முன்னால் கொண்டுவாருங்கள். ஃபியூயல் ஃபில்டர் இன்டேக் மானிஃபோல்டுக்கு அடியில் கை போகாத இடத்தில் ஒளிந்திருக்கும், அதனாலேயே யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள்.

கசிவை அடைத்தபின் 15 ஆம்ப் இஎஃப்ஐ (பெட்ரோல் இன்ஜெக்ஷன்) ஃபியூஸைப் பத்து விநாடிக்கு மேல் கழற்றி வைத்தால் கோடு அழியும். முன்னாடி யாராவது உதறலை மறைக்க த்ராட்டில் பாடியில் இருக்கும் ஐடில் ஸ்க்ரூவைத் திருகியிருப்பார்கள், இப்போது ஐடில் எகிறும். மேனுவல் கியர் வண்டிக்கு 750 ஆர்பிஎம், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு வையுங்கள்.