குறைந்த செலவில் கிறிஸ்துமஸ் அலங்காரம்: பணத்தைக் கரைக்கும் தவறுகள்

டிசம்பர் பிறந்ததும் எங்கள் அன்பியத்தில் (ஆலயப் பங்கின் அக்கம்பக்கக் குடும்பக் குழுவில்) புதிதாகக் குடித்தனம் தொடங்கியவர்கள் வீட்டு அலங்காரத்துக்கு யோசனை கேட்டு வருவார்கள். பெரும்பாலும் சென்னையின் பெரம்பூரிலும் வியாசர்பாடியிலும் சிறிய வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்கள். ஆயிரமோ இரண்டாயிரமோ ஒதுக்கி வைத்திருப்பார்கள். இயேசு பிறந்த காட்சியைக் காட்டும் குடில் கட்டுவதிலும் நட்சத்திரம் செய்வதிலும் நெடுநாள் பழக்கம் உள்ளவள் என்பதால், அவர்களோடு கடைக்குப் போவதும் வீட்டுக்குச் சென்று கைகொடுப்பதும் எனக்கு வழக்கமாகிவிட்டது. எங்கள் தலைமுறை செய்து சலித்த அதே தவறுகளை இவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. விலை விசாரித்து வாங்குங்கள், வரவுக்கு மேல் செலவழிக்காதீர்கள் என்பனவற்றை யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தவறு என்றே கண்ணுக்குத் தெரியாத சிலவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

மரத்திலிருந்து தொடங்குவது

ஒதுக்கிய பணத்தில் பாதிக்கு மேல் முதல் நாளே ஒரு பிளாஸ்டிக் மரத்துக்குப் போய்விடுகிறது. ஐந்தடி மரம் வாங்கினால் அதை நிரப்ப மணிகளும் பந்துகளும் ஜிகினாச் சரங்களும் வேண்டும். அவற்றுக்குப் பணம் இல்லாதபோது மரம் வெறுமையாக நிற்கும், சிறிய கூடத்தில் நடக்கவும் இடம் இருக்காது. மரம் வேண்டும் என்று குழந்தைகள் ஆசைப்பட்டால், நம் ஊர் வழக்கப்படி ஒரு சவுக்குக் கிளையை வாங்கி, ஈர மணல் நிரப்பிய வாளியில் நட்டுவைக்கலாம். அது சில நாள்களில் காய்ந்து உதிரத் தொடங்கும் என்பதால் 22ஆம் தேதிக்கு முன்பு வாங்க வேண்டாம்.

என்னைக் கேட்டால், முதல் ரூபாய் குடிலுக்குத்தான். புனித பிரான்சிஸ் அசிசி 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ ஊரில் அமைத்த குடிலில் இருந்தவை தீவனத்தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை ஆகியவையே. ஏழ்மையைக் காட்டுவதற்காகவே அமைக்கப்படுகிற குடிலுக்கு விலையுயர்ந்த பொருள் எதுவும் தேவைப்படாது. கசக்கிய பழுப்புத் தாளில் சாம்பல் நிறம் பூசினால் பாறை ஆகிவிடும். புல்வெளிக்குப் பச்சை விரிப்பு வாங்குவதைவிட, பழைய தட்டில் தேங்காய் நார்க்கழிவைப் பரப்பி, திருநாளுக்குப் பத்து நாள் முன்பு கேழ்வரகைத் தூவித் தண்ணீர் தெளித்து வந்தால் 24ஆம் தேதிக்கு உண்மையான புல்லே கிடைக்கும். தட்டை வெளிச்சத்தில் வையுங்கள். இருட்டில் வளர்ந்தால் மஞ்சள் பாய்ந்து சாய்ந்துவிடும்.

தெர்மாகோல்மீது ஸ்பிரே பெயின்ட்

ஸ்பிரே பெயின்டிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். போஸ்டர் கலர் போதும்.

ஜனவரியில் செய்யும் தவறு

மற்றவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்வேன், இந்த ஒன்றை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சிக்கனமாக அலங்கரிப்பதை டிசம்பர் மாத வேலை என்றே எல்லாரும் எண்ணுகிறார்கள். ஆனால் அடுத்த ஆண்டுச் செலவு எவ்வளவு என்பது, ஜனவரியில் அந்தப் பொருள்களைக் கழற்றி எடுத்து வைக்கும் விதத்தில்தான் இருக்கிறது. ஜனவரி தொடக்கத்தில் வரும் மூன்று அரசர்கள் திருநாள் கழிந்ததும் எல்லாருக்கும் ஓர் அலுப்பு வந்துவிடும். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லியிருப்பார். ஒரு மாலைப்பொழுதில் நட்சத்திரத்தை இழுத்து இறக்கி, சீரியல் விளக்கைக் கையில் சுருட்டி, குடிலின் சுரூபங்களை, அதாவது சிறு சிலைகளை, செய்தித்தாளில் பொதிந்து, எல்லாவற்றையும் ஒரே சாக்கில் திணித்துப் பரணில் ஏற்றிவிடுவார்கள். பரணில் இடமில்லாவிட்டால் போகிக்குக் கழிக்கும் பழைய சாமான்களோடு அவையும் தெருவுக்குப் போய்விடும்.

வியாசர்பாடியில் ஒரு பெண் அப்படிக் கட்டிவைத்த சாக்கை என் முன்னால்தான் அவிழ்த்தாள். ரப்பர் பேண்டுகள் உருகி ஒயரோடு ஒட்டிப்போயிருந்தன. காகித நட்சத்திரத்தைப் பூச்சி அரித்திருந்தது. சீரியல் விளக்கை எலி இரண்டு இடங்களில் கடித்திருந்தது. சூசையப்பர் சுரூபத்தின் கை மணிக்கட்டோடு உடைந்து சாக்கின் அடியில் கிடந்தது. மாதா சுரூபத்தின் முகத்தில் செய்தித்தாளின் மை இறங்கி, எழுத்துகள் இடவலம் மாறிப் படிந்திருந்தன. "அம்மா வீட்டுலேர்ந்து கொண்டுவந்த சுரூபம்க்கா இது" என்று சொல்லிவிட்டு அவள் அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். மை போகவில்லை, வண்ணம்தான் போயிற்று. அந்த ஆண்டு அவள் ஒதுக்கியிருந்த பணம் முழுவதும், ஏற்கெனவே அவளிடம் இருந்த பொருள்களைத் திரும்ப வாங்குவதற்கே செலவாயிற்று. புதிதாக ஒரு காகிதப் பூ வாங்கவும் மிச்சமில்லை.

சென்னையில் இது நடக்காமல் இருந்தால்தான் வியப்பு. கடற்கரை ஊரின் காற்றில் ஆண்டு முழுவதும் ஈரம் இருக்கிறது. கான்கிரீட் தளத்தை ஒட்டிய பரண் மே மாத வெயிலில் அடுப்பைப்போல் கொதிக்கிறது. அந்த ஈரத்தில் பிளாஸ்டர் ஆப் பாரிஸ் சுரூபத்தின் வண்ணம் உரிகிறது. அந்தச் சூட்டில் ரப்பரும் டேப்பின் பசையும் இளகுகின்றன, மெழுகுவர்த்தி வளைகிறது, சூட்டுப் பசையால் ஒட்டிய மணிகள் உதிர்கின்றன. ஆகவே உடையக்கூடியதையும் உருகக்கூடியதையும் பரணுக்கு அனுப்பாதீர்கள். பீரோவின் அடித்தட்டோ கட்டிலின் அடியோ அவற்றுக்கு நல்ல இடம்.

கழற்றிய பொருள்களை ஒரு பகல் முழுவதும் நிழலில் காயவைத்த பிறகே பெட்டியில் வைக்க வேண்டும். துவைத்துக் காய்ந்த பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, சுரூபங்களை அதில் தனித்தனியே சுற்றி, மூடி இறுகும் தகர டப்பாவில் அடுக்குங்கள். அச்சுத்தாள் அவற்றின்மீது படவே கூடாது. சீரியல் விளக்கை ஓர் அட்டைத் துண்டில் பிசகில்லாமல் சுற்றி நாடாவால் கட்டுங்கள். காகித நட்சத்திரத்தை மடித்து இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து மெத்தையின் அடியில் தள்ளிவிட்டால் அடுத்த ஆண்டு சுருக்கமில்லாமல் வரும். பேட்டரியில் எரியும் விளக்குகளிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது கசிந்து உள்ளிருக்கும் தகட்டை அரித்துவிடும். குடிலின் வைக்கோலைச் சேமிக்க வேண்டாம், அது பூச்சிகளை அழைத்து வரும். மைதாப் பசையால் ஒட்டியவையும் அப்படியே. சேமிக்க எண்ணும் பொருளுக்கு வெள்ளை ஃபெவிகாலே ஏற்றது.

பூச்சிக்கு அஞ்சிப் பாச்சை உருண்டையைப் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: அதன் ஆவி பட்டால் தெர்மாகோல் இளகிக் கெட்டுவிடும். காய்ந்த வேப்பிலையும், புதிய செருப்புப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் போதும்.

டப்பாவின் மூடியில் உள்ளே இருப்பவற்றின் பட்டியலை ஒட்டிவிடுங்கள். அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால் இருப்பதையே மறுபடி வாங்க மாட்டீர்கள். ஜனவரி முதல் வாரத்தில் பாரிமுனைப் பக்கம் போக நேர்ந்தால், விற்காமல் தங்கிய நட்சத்திரங்களைப் பேரம் பேசிக் குறைந்த விலைக்கு வாங்கலாம். ஆனால் அவற்றைப் பாதுகாக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அது லாபம்.

வாடகை வீட்டுச் சுவரில் இருபக்க டேப்

தோரணம் பத்து ரூபாய்க்குக் கிடைக்கும்; அதை ஒட்டிய டேப் சுண்ணாம்போடு சேர்ந்து உரிந்து வந்தால், காலிசெய்யும்போது வீட்டுக்காரர் அட்வான்ஸில் பெயின்ட் செலவு என்று பிடித்துக்கொள்வார். சன்னல் கம்பிக்கும் திரைச்சீலைக் கம்பிக்கும் நடுவே ஒரு நூல் கயிற்றைக் கட்டி, தொங்கவேண்டிய எல்லாவற்றையும் அதிலேயே தொங்கவிடுங்கள். வண்ணத்தாளும் சார்ட் தாளும் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் மொத்தமாகக் கிடைக்கின்றன. அக்கம்பக்கத்தில் நான்கு வீட்டார் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டுக்கொண்டால் வெட்டிச் செய்யும் தோரணத்துக்கு மிகக் குறைவாகவே செலவாகும்.

பால்கனிக் கம்பியில் சீரியல் விளக்கு

இங்கே பணத்தைவிட உயிர் பெரிது. விலை குறைந்த எல்இடி சரங்கள் பலவற்றில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் கருவி இருப்பதில்லை. விளக்கு சிறியதாக இருந்தாலும், பிளக்கில் வரும் 230 வோல்ட் நேராக அந்த மெல்லிய ஒயரிலேயே போகிறது. வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் பெய்யும் ஊர் இது. வர்தா புயல் 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12 அன்றுதான் நம்மைத் தாக்கியது. ஒயரின் உறை எங்காவது உரிந்து நனைந்த கம்பியில் பட்டால், கம்பி முழுவதும் மின்சாரம் பாயக்கூடும். துணி காயப்போடச் செல்பவர் அதைத் தொடுவார். சரத்தைச் சன்னலுக்கு உட்புறம் மாட்டினாலும் தெருவிலிருந்து அழகாகவே தெரியும். வெளியே மாட்டித்தான் ஆகவேண்டும் என்றால் பேட்டரியில் எரிவதை வாங்குங்கள்.

நீளம் அதிகம் என்று சரத்தின் நடுவே சில விளக்குகளை வெட்டி எறிந்துவிட்டு ஒயரை முறுக்கி இணைப்பவர்களும் இருக்கிறார்கள். தொடராக இணைந்த விளக்குகள் குறைந்தால் மீதமுள்ளவற்றின் வழியே மின்னோட்டம் கூடி அவையும் விரைவில் கருகிவிடும். மிஞ்சிய நீளத்தை அட்டையில் சுற்றி ஓரமாக வைப்பதே சரி.

நட்சத்திரத்துக்குள் குண்டு பல்பு

40 வாட் குண்டு பல்பு இரவுக்குப் பத்து மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 12 யூனிட் ஆகும். 5 வாட் எல்இடி ஒன்றரை யூனிட்டில் முடித்துவிடும். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டை எட்டும் நிலையில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த எல்லையைத் தாண்டினால் 101 முதல் 200 வரையான யூனிட்டுகளின் விலையும் உயர்ந்துவிடுகிறது. குண்டு பல்பின் சூடு காகிதத்தைக் கருக்கவும் செய்யும்.

24ஆம் தேதி மாலைக் கடைவீதி

போகாதீர்கள். அன்று விலையும் கூடுதல், நெரிசலும் கூடுதல். குறைவதை வெள்ளைத்தாளில் வெட்டிக்கொள்ளலாம்.