மாலேயில் இறங்கிய பிறகுதான் பயணம் தொடங்குது: வன்னியிலிருந்து மாலைதீவுக்கு வேலைக்கு வருவோருக்கு

கட்டுநாயக்காவில் ஏறினால் ஒன்றரை மணித்தியாலத்தில் மாலே, அதோடு வேலையிடம் வந்துவிடும் என்ற கணக்கோடுதான் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துத் தம்பி தங்கச்சிமார் பலர் வருகிறார்கள். மாலே வரைக்கும் கணக்குச் சரி. அதற்குப் பிறகு ஒரு இரவும் அரைப் பகலும் போகக்கூடும். ஊரில் கடைசி பஸ்சை விட்டால் பரந்தன் சந்தியில் நின்று லொறி மறிக்கலாம். இங்கே மறிக்க ஒன்றுமில்லை, சுற்றிக் கடல்.

நாடு வடக்குத் தெற்காக 800 கிலோமீற்றருக்கு மேல் நீளம். ஏறத்தாழ 1,190 தீவுகள். வெலானா சர்வதேச விமான நிலையம் ஹுல்ஹுலே என்ற தனித் தீவில் இருக்கிறது. அங்கிருந்து உங்கள் தீவுக்கு பெரும்பாலும் ஸ்பீட் போட், உள்நாட்டு விமானம், கடல் விமானம் என்ற மூன்றில் ஒன்றில்தான் போகவேண்டும். எது என்று வீட்டை விட்டு வெளிக்கிடமுன் கொம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள். 'ஆள் வந்து கூட்டிக்கொண்டு போவான்' என்பதை மறுமொழியாக எடுக்க வேண்டாம்.

எந்தத் தீவின் விமான நிலையம் என்பதையும் கேட்டு வையுங்கள். பெயர்கள் ஆளைக் கவிழ்க்கும். கன் என்று ஒன்றுக்கு மேல் தீவு உண்டு: அட்டு என்ற தீவுக்கூட்டத்தில் ஒன்று, லாமு என்ற தீவுக்கூட்டத்தில் ஒன்று. ரிக்கெற்றில் 'கன்' என்று இருந்தால் அது அட்டு; மாலேயிலிருந்து 540 கிலோமீற்றர் அளவில், பூமத்திய ரேகைக்கும் தெற்கே. லாமு கன்னில் வேலையென்றால் நீங்கள் இறங்கவேண்டிய இடம் கத்தூ. கத்தூவுக்கும் காதெத்தூவுக்கும் உச்சரிப்பில் வித்தியாசம் கொஞ்சம்தான், இடையில் 150 கிலோமீற்றருக்கு மேல் கடல். கத்தூவின் குறியீடு கே-டி-ஓ, காதெத்தூவினது கே-டி-எம். கவுன்ரரில் பெயரைச் சொல்லாமல் ஒப்பந்தத்தைக் காட்டி, மூன்றெழுத்தை ஒத்துப் பாருங்கள். காதெத்தூவில் ஊரே கிடையாது, ஓடுபாதை மட்டும்தான். இறங்கி அங்கிருந்து போட்டில் போகவேண்டும். அந்தப் போட் யார் பொறுப்பு, எத்தனை மணிக்கு என்பதும் கேள்விப் பட்டியலில் இருக்கட்டும்.

இனி நேரம். மாலே நேரம் இலங்கையைவிட அரை மணித்தியாலம் பிந்தியது. அதோடு பல ரிசோட்டுகள் விருந்தினருக்கு வெளிச்சம் கூடக் கிடைக்கட்டும் என்று மாலேயைவிட ஒரு மணித்தியாலம் முந்திய தங்கள் சொந்த நேரத்தை வைத்திருக்கின்றன. ரிசோட்டில் காலை 8 மணி என்றால் மாலேயில் 7, கிளிநொச்சியில் 7.30. மாலைதீவிலிருந்து புறப்படும் விமானத்துக்குச் சீட்டில் இருப்பது எப்போதும் மாலே நேரம். போட்காரர் சொல்வது எந்த நேரம் என்று ஒவ்வொரு தடவையும் கேளுங்கள். லீவில் வீட்டுக்குப் போகிறவர்கள் பிளேனைத் தவறவிடுவது இந்த இடத்தில்தான்.

கடல் விமானம் கண்ணால் பார்த்து ஓட்டுவது. நீர்மேல் விளக்குப் போட்ட ஓடுபாதை இல்லாததால் பொழுதுபட முன் கடைசி விமானமும் திரும்பிவிட வேண்டும். பிற்பகல் மூன்றரைக்குப் பிறகு மாலேயில் இறங்கினால் அன்றைக்குக் கடல் விமானம் கிடைக்காது என்றே வையுங்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயில் இரவு தங்கவேண்டி வரும். அந்தக் காசு யார் தருவது என்று முன்கூட்டிப் பேசுங்கள். விமான நிலையத்திலிருந்து ஹுல்ஹுமாலேக்கும், 2018இல் பாலம் திறந்தபின் மாலேக்கும் பஸ், ரக்சி போகின்றன, அதனால் முன்னைய அவதி இல்லை. காலையில் போகிறவர்களுக்குக் கூட ஏறும் நேரம் முதல்நாள் பின்னேரம்தான் உறுதியாகும். இருக்கை குறைந்தால் விருந்தினருக்குத்தான் முதலிடம், வேலைக்காரர் அடுத்ததில்.

பாரம்தான் எல்லாரையும் மடக்கும் விஷயம். கொழும்பு ரிக்கெற்றில் 30 கிலோ இருக்கலாம். உள்நாட்டில் வழமையாக 20 கிலோ பொதி, 5 கிலோ கைப்பை. அம்மா கட்டித் தந்த மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் பயித்தம் பணியாரமும் கட்டுநாயக்காவில் தப்பி, மாலேயில் தராசில் மாட்டும். கூடுதல் கிலோவுக்குக் காசு கட்டவேண்டும், இடமில்லாவிட்டால் காசு கட்டியும் ஏறாது. கடல் விமானமான ட்வின் ஒட்டருக்கு ஏறக்கூடிய முழுப் பாரமே 5,670 கிலோ. அதற்குள் விமானம், எரிபொருள், பதினைந்து பேர், பொதி எல்லாம் அடங்கவேண்டும். அதனால் கைப்பையையும் தராசில் வைக்கச் சொல்வார்கள், கோபிக்க ஒன்றுமில்லை.

வீட்டில் வில்தராசில் தூக்கி 18 கிலோவோடு நிறுத்துங்கள், தராசுக்குத் தராசு வித்தியாசம் வரும். வெறும் பெட்டியே நாலைந்து கிலோ வரும் கட்டிப் பெட்டியை விட்டு, துணிப் பயணப்பை எடுங்கள். நல்லெண்ணெய்ப் போத்தல் கைப்பையில் போகாது. பொதியில் வைத்தால் மூடிக்கு ரேப் சுற்றி, இரண்டு பொலித்தீன் பைக்குள் நிமிர்த்தி வையுங்கள். பொதி அடுத்த விமானத்தில் பின்னால் வருவது இங்கே சாதாரணம். ஆகவே பாஸ்போட், ஒப்பந்தம், நுழைவு அனுமதிக் கடிதம், மருந்து, மாற்றுடுப்பு ஒன்று, சார்ஜர் எல்லாம் கைப்பையில்தான். பொதி வரவில்லையென்றால் மண்டபத்தை விட்டு வெளியேற முன் முறைப்பாடு பதிந்து இலக்கத்தை வாங்குங்கள். கொழும்பு–மாலே பயணத்தில் பொதி சேதப்பட்டால் 7 நாளுக்குள், பிந்தி வந்தால் கைக்குக் கிடைத்து 21 நாளுக்குள் எழுத்தில் கேட்கலாம்.

வழிபாட்டுச் சிலை கொண்டுவர இந்த நாட்டில் தடை. பையின் மூலையில் பாட்டி செருகிவிட்ட சின்னப் பிள்ளையாரும் அதில் அடக்கம், வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். மதுபானம், பன்றியிறைச்சி, மின்சிகரெட் இவையும் கூடாது. பயண விபரத்தை மாலைதீவுக் குடிவரவுத் துறையின் 'இமுகா' இணையத்தளத்தில் பயணத்துக்கு முந்திய 96 மணித்தியாலத்துக்குள் நிரப்பவேண்டும். அது இலவசம்; காசு கேட்கிற தளம் போலி. இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவை ஊரிலேயே முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கட்டுநாயக்காவிலேயே மறித்துவிடுவார்கள்.

உள்நாட்டு விமானம் ஏன் இப்படி அடிக்கடி பிந்துகிறது? நிர்வாகம் சரியில்லை என்று திட்டுவது சுலபம், பாதி உண்மையும்கூட. மீதியைத் தீவின் அளவு தீர்மானிக்கிறது. வெலானாவின் புதிய ஓடுபாதை 3,400 மீற்றர். புவக்முலா, தரவந்தூ போன்ற தீவுகளில் 1,200தான். நீளத்தைக் கூட்டத் தீவில் நிலம் கொஞ்சம்தான். ஓடுபாதை குறுகினால், வெயில் ஏறினால், விமானம் தூக்கக்கூடிய பாரம் குறைகிறது. எல்லாத் தீவிலும் எரிபொருள் நிரப்ப வசதியில்லாததால் திரும்பி வருவதற்கான எண்ணெயையும் மாலேயிலிருந்தே சுமக்கவேண்டும். அந்தப் பாரத்துக்கு உங்கள் பொதி இறங்கும். ஒரே விமானம் காலையிலிருந்து மாலேக்கும் தீவுகளுக்கும் மாறி மாறி ஓடுகிறது. காலை ஏழுக்கு அரை மணித்தியாலம் பிந்தினால் பின்னேரம் அது மூன்று மணித்தியாலமாகிவிடும். தீவில் கடும் நோயாளி இருந்தால் கட்டிலோடு ஏற்ற இருக்கைகளைக் கழற்றுவார்கள், இறங்குவது நீங்களாகவும் இருக்கலாம். ஆகவே எந்தத் திசைக்கும் நாளின் முதல் விமானத்தைக் கேளுங்கள்.

நம் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, இங்கே 'ஹுல்ஹங்கு'; வடகிழக்கு வாடை 'இருவாய்'. மே தொடங்கி நவம்பர் வரை சோளகக் காலம். பக்கக்காற்றும் மழையும் அலையும் சேர்ந்து விமானத்தையும் போட்டையும் ஒன்றாக நிறுத்தும். அந்த மாதங்களில் கொழும்பு விமானத்துக்கு முதல்நாளே மாலேக்கு வந்துவிடுங்கள். உள்நாட்டுச் சீட்டும் கொழும்புச் சீட்டும் வெவ்வேறாக வாங்கியிருந்தால், முதலாவது பிந்தி இரண்டாவது போய்விட்டாலும் இரு பகுதியும் பொறுப்பேற்காது. பிந்தியதற்கு ஒரு கடிதமாவது வாங்கி வையுங்கள், வேலையிடத்தில் சம்பளம் வெட்டவரும்போது அதுதான் சாட்சி.

ரிக்கெற் ஏன் இவ்வளவு விலை என்று கேட்பவர்களுக்கு: 2024 டிசெம்பரிலிருந்து வெளிநாட்டவர் சாதாரண வகுப்பில் நாட்டை விட்டுப் போகும்போது 50 டொலர் புறப்பாட்டு வரியும் 50 டொலர் விமான நிலைய அபிவிருத்திக் கட்டணமும் சீட்டோடு சேர்கின்றன. வேலைக்கு வந்தவருக்கும் இதே 100 டொலர்தான், மாலைதீவுக்காரருக்கு 24. இந்த அபிவிருத்திக் கட்டணத்துக்குப் பழைய கதை உண்டு. 2010இல் நிலையம் ஓர் இந்திய நிறுவனம் தலைமைதாங்கிய கூட்டுக்குக் கொடுக்கப்பட்டது; 25 டொலர் அறவிட முயன்றதை 2011இல் நீதிமன்றம் மறித்தது; 2012இல் அரசு ஒப்பந்தத்தையே முறித்தது; கடைசியில் 27 கோடி டொலர் அளவில் நட்டஈடு கட்டவேண்டி வந்தது. உங்கள் ஒப்பந்தத்தில் 'வருடம் ஒரு ரிக்கெற்' என்று இருந்தால் வரியோடா வரியில்லாமலா என்று கேளுங்கள். அந்த ஒரு சொல்லில் 100 டொலர் இருக்கிறது.

ஊரில் செத்தவீடு என்றால் கணக்கை முன்பே தெரிந்து வையுங்கள். அட்டுவில் பின்னேரம் ஆறு மணிக்குத் தகவல் வந்தால், அடுத்தநாள் காலை விமானத்தில் மாலேக்கு ஒன்றேகால் மணித்தியாலம் அளவில், பிறகு இடம் கிடைத்தால் கொழும்பு, கட்டுநாயக்காவிலிருந்து ஏ9 வழியாக வீட்டுக்கு ஏழு எட்டு மணித்தியாலம். எல்லாம் பிசகாமல் நடந்தாலும் படலையடிக்கு வர இரவாகிவிடும். அடுத்தநாள் எடுப்பதென்றால் முகம் பார்க்கமுடியாது. இதை வீட்டாரிடம் உடனே சொன்னால் அவர்கள் வைத்திருப்பதா எடுப்பதா என்று தீர்மானிப்பார்கள். பாஸ்போட் உங்கள் கையில், ஒரு வழி ரிக்கெற்றுக்கான காசு வங்கியில் எப்போதும் இருக்கட்டும். எடுப்புக்குப் போகமுடியாவிட்டால் எட்டுச் செலவுக்கோ 31ஆம் நாள் அந்தியேட்டிக்கோ லீவு எழுதிக் கேளுங்கள். அதற்கு நாள் இருப்பதால் முதல் விமானத்தில் இருக்கையும் கிடைக்கும்.